முப்பத்தேழாவது ஒட்டகம்

பத்தொன்பதாவது ஒட்டகம் ஒரு சம்சாக் கடையில், அடுப்புக்கு நேர் மேலே தொங்கிக்கொண்டிருந்தது. புகை பட்டுப் பட்டு அதன் முகம் கறுத்துப் போயிருந்தது. பனியில் படுத்திருந்த அந்த ஒட்டகத்தின் மேல் சாய்ந்தபடி ஒரு பெண் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

புருல் படத்தின் இடது ஓரத்தை மட்டும் ஒரு கணம் பார்த்தாள். உடனே திரும்பிவிட்டாள்.

"போலாம்."

"அக்கா, ஒட்டகம்தான் பொய். சம்சாவுக்குள்ள இருக்கற ஆட்டுக்கறி நிஜம். வாசனையே சாட்சி சொல்லுது," என்றான் குபாத்.

"கையில வாங்கிட்டு வா."

குபாத் நான்கு வாங்கினான். வயது நாற்பத்திரண்டு. பதினைந்து வருஷம் தலைநகர் பிஷ்கேக்குக்குப் போகும் சாலையில் டாக்சி ஓட்டியவன். ஒரு முறை புருல் அவன் வண்டியில் ஏறி ஒரு குதிரைத் திருடனைத் துரத்தச் சொன்னாள், அன்றிலிருந்து இறங்கவேயில்லை. அவள் இருபது வருஷம் போலீசில் இருந்துவிட்டு, உண்மையைத் தப்பான ஆளிடம் சொன்னதால் வெளியே வந்தவள். தெரெக்கோல் கடைத்தெருவில், பல் டாக்டர் ஒருவரின் மாடியில் அவர்களுடைய துப்பறியும் ஆபீஸ். 'கீழே பல், மேலே உண்மை. இரண்டும் வலியில்லாமல் பிடுங்கப்படும்' என்று போர்டு எழுதலாம் என்பது குபாத்தின் யோசனை. புருல் இன்னும் சம்மதிக்கவில்லை.

தெரெக்கோல் மியூசியத்தில் பேர் சொல்லும்படி இருந்தது ஒரே படம்தான். தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால், நாடு கடத்தப்பட்டு இந்த ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்த ஓர் ஓவியர் தீட்டியது. பெயர் 'உப்பு ஒட்டகம்'. ஆகஸ்ட் மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், மூன்று கல்யாணக் கோஷ்டிகள் ஒரே நேரத்தில் போட்டோ எடுக்க உள்ளே நுழைந்த நெரிசலில், அது காணாமல் போனது. பின்னறையில் வெறும் மரச்சட்டம் மட்டும் கிடந்தது. பின்கதவு திறந்திருந்தது. சாவி வைத்திருந்தவர் காவலாளி தொக்தோசுன் ஒருவர்தான். மணப்பெண் உடை சரிசெய்துகொள்ள வேண்டுமென்று கேட்டார்கள், இரக்கப்பட்டுக் கொடுத்தேன் என்றார். எந்த மணப்பெண் என்று போலீஸ் கேட்டது. வெள்ளை உடை போட்டிருந்தாள் என்றார். அவரை உள்ளே போட்டுவிட்டார்கள். வெள்ளிக்கிழமை வழக்கு. இன்று புதன்.

தொக்தோசுனின் மனைவிதான் புருலிடம் வந்தாள். அவள் அழவில்லை. "அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது. கத்துக்க நேரம் இல்ல," என்று மட்டும் சொன்னாள்.

படத்தைக் கண்டுபிடித்துத் தருபவருக்கு இரண்டு வயதுக் குதிரை பரிசு என்று மாவட்ட அதிகாரி அறிவித்ததுதான் வினையாகிப் போனது. அதுவரை மியூசியம் பக்கமே எட்டிப் பார்க்காத ஊர், ஒட்டகத்தின் மேல் பைத்தியமாகிவிட்டது. காலண்டரில் ஒட்டகம். குளியல் துண்டில் ஒட்டகம். சந்தை ஓவியர்கள் ராப்பகலாக ஒட்டகம் வரைந்தார்கள். எல்லாருக்கும் மூலம் ஒன்றே: மியூசியம் விற்கும் தபால் அட்டை. பிறகு ஆளுக்கொரு ஒட்டகத்தைத் தூக்கிக்கொண்டு, கண்டுபிடித்துவிட்டேன் என்று போலீசுக்கு ஓடினார்கள்.

வண்டியில் ஏறியதும் குபாத் சம்சாவைக் கடித்துக்கொண்டே கேட்டான்.

"எனக்கு ஒண்ணு புரியல அக்கா. ஏழு வாரம் ஆச்சு. எடுத்தவன் இந்நேரம் வித்திருக்க மாட்டானா?"

"யாருகிட்ட?"

"எல்லை தாண்டி அல்மாத்தில யாராவது பணக்காரன்கிட்ட."

"மாவட்டத்துல எல்லாப் பந்தயத்துலயும் ஜெயிச்ச குதிரை ஒண்ணு இருக்குன்னு வை. அது மூஞ்சி எல்லாருக்கும் தெரியும். அதை நீ திருடிட்ட. ஏறிப் போவியா?"

"ஊரே பாத்துடும்."

"விப்பியா?"

"வாங்கறவன் மொதல்ல இது அந்தக் குதிரைதானேன்னு கேப்பான்."

"அப்ப என்ன செய்வ?"

குபாத் மென்றுகொண்டே யோசித்தான். "கொட்டகையில கட்டிவெச்சுப் பாத்துக்கிட்டே இருப்பேன். தீனி போட்டே ஏழையாயிடுவேன். கடைசில ஒரு நாள் பயம் தாங்காம அறுத்துத் தின்னுடுவேன்."

"அதேதான். சாதாரணத் திருட்டுப் பொருள் கை மாறிக்கிட்டே இருக்கும். மாறுற எடத்துல போய் நாம நின்னுக்கலாம். பேர்போன படம் கை மாறாது. பரண்ல கெடக்கும். திருடன் செத்தா அது என்னன்னு அவன் மகனுக்கே தெரியாது. இல்லேன்னா பயம் முத்திப்போய், வீட்டுல யாராவது அடுப்புல வெச்சுடுவாங்க. எவ்வளவு ஒசத்தியோ அவ்வளவு சீக்கிரம் சாம்பல்."

"சரி. ஒவ்வொரு ஒட்டகத்துலயும் இடது ஓரத்தை மட்டும் பாக்கறீங்களே, அது எதுக்கு?"

"மியூசியம் பதிவேட்டுல படத்தோட அகலம் எழுபத்தொரு சென்டிமீட்டர். நான் மரச்சட்டத்தை அளந்து பாத்தேன். உள்ள தெரியற அகலம் அறுபத்து நாலு."

"போலீஸ்காரங்க சட்டத்தைப் பாப்பாங்க. நீங்க மரச்சட்டத்தைப் பாக்கறீங்க."

"அது ஏதோ ஒரு தலைவர் படத்துக்குச் செஞ்ச சட்டம். தலைவர் பதவி போச்சு, சட்டம் மிச்சமாச்சு. அதுல ஒட்டகத்தைத் திணிச்சிருக்காங்க. இடது பக்கம் ஏழு சென்டிமீட்டர் மரத்துக்கு அடியில போயிடுச்சு. தபால் அட்டையிலயும் அந்த ஏழு கெடையாது. சட்டத்துலேர்ந்து கழட்டின ஆளுக்கு மட்டும்தான் அங்க என்ன இருக்குன்னு தெரியும்."

குபாத் மெல்லுவதை நிறுத்தினான். "என்ன இருக்கு?"

"தெரிஞ்சா நான் ஏன் பத்தொன்பது கடை ஏறி எறங்கறேன்?"

இருபதாவது ஒட்டகம் மைராமின் கல்யாண மண்டபத்தில் இருந்தது. மேஜைகளில் ரொட்டியும் பழத்தட்டும் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மணமக்கள் உட்காரும் இடத்துக்குப் பின்னால் பெரிதாகப் படம் மாட்டியிருந்தது. அதே பனி, அதே ஒட்டகம், அதே பெண்.

புருல் இடது ஓரத்தைப் பார்த்தாள். இந்த முறை திரும்பவில்லை.

அங்கே ஓர் ஆடு இருந்தது. முழு ஆடு இல்லை. தலையும் கழுத்தும் மட்டும். ஒட்டகத்தின் வாலைக் கடித்து, ஏதோ நல்ல புல் கிடைத்ததுபோல் முழுத் திருப்தியோடு இழுத்துக்கொண்டிருந்தது. அந்தப் பெண் அதைப் பார்த்துத்தான் சிரித்துக்கொண்டிருந்தாள்.

குபாத் மெல்ல விசிலடித்தான். "நான் பள்ளிக்கூடத்துல படிக்கறப்ப, அவ வருங்காலத்தைப் பாத்துச் சிரிக்கறான்னு சொல்லிக் கொடுத்தாங்க அக்கா. பரீட்சையில அப்படி எழுதி மார்க் வேற வாங்கியிருக்கேன்."

மண்டபத்துக்காரி மைராம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தாள். "என்ன, என் படத்தையும் மோப்பம் பிடிக்க வந்தாச்சா?"

புருல் ஆட்டின் காதில் நகத்தால் லேசாக அழுத்தினாள். வண்ணம் மாவு மாதிரி அமுங்கியது.

"போச்சு. காயவே இல்ல. இதுவும் காப்பி," என்றான் குபாத். அவன் குரல் நிஜமாகவே இறங்கிவிட்டது.

"காப்பிதான்," என்றாள் புருல். அவள் முகத்தில் வெளிச்சம். "ஆனா வரைஞ்ச கைக்கு ஆடு எப்படித் தெரியும்? யார் வரைஞ்சது மைராம்?"

"கல்லறைத் தோட்டத்துக்கு எதிர்ல இருக்கற தமாரா இகோரெவ்னா. ஆடு வேணாம்னு எவ்வளவோ சொன்னேன். கல்யாணத்துக்கு வர்றவங்க, பொண்ணை விட்டுட்டு ஆட்டைப் பாக்கறாங்க."

தமாரா இகோரெவ்னா எழுபது வயது ருஷ்யக் கிழவி. கடை போர்டும், கல்லறைக் கல்லுக்கு இறந்தவர் முகமும் வரைவாள். அவர்கள் போனபோது ஒரு மீசைக்காரரின் முகத்தைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"உயிரோட இருக்கறப்ப இவ்வளவு அழகா இருந்திருக்க மாட்டார்," என்றான் குபாத்.

"செத்தவங்க யாரும் இதுவரைக்கும் குறை சொன்னதில்ல," என்றாள் கிழவி திரும்பாமலே. "உயிரோட இருக்கறவங்கதான் தொல்லை. என்ன வேணும்?"

"ஆடு," என்றாள் புருல்.

தூரிகை நின்றது. கிழவி அதைத் துணியில் துடைத்து வைத்துவிட்டு, முக்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.

"வருவீங்கன்னு தெரியும். இவ்வளவு லேட்டா வருவீங்கன்னுதான் தெரியல. ஒரு வாரம் முன்னாடி ஒருத்தன் வந்தான். தங்கப் பல்லு, சின்ன வயசு, கார் விக்கிறவன் மாதிரி பேச்சு. கம்பளத்துல சுத்தி இந்தப் படத்தைக் கொண்டாந்தான். 'அம்மா, இந்தப் பொம்பளைக்கு மீசை வெச்சு, ஒட்டகத்தோட திமிலை அழிச்சுக் குதிரையாக்கித் தர முடியுமா?'ன்னு கேட்டான்."

குபாத் சுவரைப் பிடித்துக்கொண்டான். "திமிலை அழிச்சா?"

"அல்மாத்தில எவனோ சிரிச்சு அனுப்பிட்டானாம். 'டிவியில வந்த மூஞ்சி, இதை வாங்கி என் குருட்டு மாமியாருக்கா மாட்டுவேன்'னு கேட்டானாம். இவன் பாவம், தூக்கமே இல்லாம இருந்தான். வெச்சுட்டுப் போ, ஒரு வாரத்துல வான்னு சொன்னேன்."

"நிஜப் படம்தான்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்றாள் புருல்.

"பின்பக்கம் திருப்பினேன். மாவு மூட்டைத் துணி. ஆலை முத்திரைகூட இருக்கு. அந்தக் காலத்துல இங்க ஓவியத் துணிக்கு எங்க போறது? மூட்டையைப் பிரிச்சுத்தான் வரைஞ்சிருக்கார்." கிழவி விரலில் ஒட்டியிருந்த வண்ணத்தைச் சுரண்டினாள். "ரெண்டு நாள் என் வீட்டுல இருந்துச்சு. பக்கத்துல வெச்சு ஒரு காப்பி போட்டேன், என் சந்தோஷத்துக்கு. அதுதான் மைராம்கிட்ட இருக்கறது. மூணாம் நாள் டாக்சி பிடிச்சுப் போலீஸ் ஸ்டேஷன்ல கொண்டுபோய்க் கொடுத்துட்டேன்."

குபாத் சுவரை விட்டு நிமிர்ந்தான்.

"எங்க கொடுத்தீங்க?" என்றான் குபாத்.

"ஸ்டேஷன்ல. ரசீது இருக்கு." பெயின்ட் டப்பாவுக்கு அடியிலிருந்து எடுத்து நீட்டினாள். 'ஒட்டகப் படம், காப்பி, வரிசை எண் 37. செப்டம்பர் 19.' "நிஜம்னு மூணு தடவ சொன்னேன். எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்கன்னு அங்க இருந்த பையன் கொட்டாவி விட்டான். அப்புறம் மேஜரே வந்து வாங்கிக்கிட்டார்."

"பிரிச்சுப் பாத்தாரா?"

"நான் இருந்த வரைக்கும் இல்ல. ஆனா சுத்தியிருந்த கம்பளத்தை ரொம்ப நேரம் பாத்தார். நல்ல வேலைப்பாடு. நீலத்துல சிவப்பா ஆட்டுக் கொம்பு மாதிரி டிசைன் வெச்சுத் தெச்சது."

ஸ்டேஷன் வாசலில் அறிவிப்புப் பலகை இருந்தது. புருல் அதைக் கடந்து போனாள். குபாத் பழக்கதோஷத்தில் நின்று படித்தான். டாக்சிக்காரனுக்கு எந்த நோட்டீசிலும் தன் வண்டி எண் இருக்குமோ என்று ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு.

"அக்கா, இங்க வாங்க."

'வளாகத்தில் தேங்கியுள்ள போலி ஓவியங்கள் அனைத்தும் இம்மாதம் 24ஆம் தேதிக்குள் எரிக்கப்பட வேண்டும். உத்தரவு நாள்: செப்டம்பர் 19.'

"இன்னிக்குத் தேதி?"

"இருபத்து நாலு," என்றான் குபாத்.

மேஜர் அசான்கான் கனத்த மனிதர். தேநீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். புருலின் பழைய சக அதிகாரி என்பதால் எழுந்திருக்க வேண்டியதில்லை என்றும், பழைய எதிரி என்பதால் உட்காரச் சொல்ல வேண்டியதில்லை என்றும் முடிவு செய்தவர்போல் இருந்தார்.

"தொக்தோசுனுக்காக வந்திருக்கியா? வெள்ளிக்கிழமை கோர்ட்டுல பேசிக்க."

"ஒட்டகங்களைப் பாக்க வந்தேன். முப்பத்தேழு இருக்காமே."

"குப்பை. பாதி குழந்தைங்க கிறுக்கினது. எனக்கு அதுல ஒண்ணைக்கூடப் பாக்க நேரமில்ல."

"ஒண்ணைக்கூடவா?"

"ஒண்ணைக்கூட. வந்ததை அப்படியே கிடங்குல போடச் சொன்னேன்."

"அதுல ஒண்ணு மட்டும் மத்ததை மாதிரி இல்லைன்னு கேள்விப்பட்டேன்," என்றாள் புருல்.

"ஆடு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? எல்லாம் காப்பிதான்."

சொல்லி முடித்துவிட்டு மேஜர் தேநீரை ஊதினார். பிறகு ஊதுவதை நிறுத்தினார்.

"நான் ஆட்டைப் பத்திப் பேசவே இல்லையே," என்றாள் புருல் மெதுவாக.

குபாத் அப்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பின்கட்டில் கொதிகலன் அறைப் புகைபோக்கியிலிருந்து கறுப்பாகப் புகை எழும்பிக்கொண்டிருந்தது. "மேஜர், செப்டம்பர்லயே குளிர் காயறீங்களா?" என்று கேட்டபடியே அவன் கதவை நோக்கி நடக்க ஆரம்பித்தான். கேள்வி முடிவதற்குள் ஓடிக்கொண்டிருந்தான்.

படிகளை மூன்று மூன்றாகத் தாண்டினான். முற்றத்தில் ஒரு நாயின் மேல் கிட்டத்தட்ட விழுந்தான். கொதிகலன் அறைக்குள் வண்ண எண்ணெய் எரியும் நெடி கண்ணைக் கரித்தது. தரையில் உடைந்த சட்டங்களின் குவியல். படம் எதுவும் இல்லை. அடுப்புக் கதவைச் சாத்திக்கொண்டிருந்த தாடிக்காரர் திரும்பிப் பார்த்தார். கொதிகலன் பார்க்கும் பெய்ஷே. கை இரண்டும் கரி.

"படமெல்லாம் எங்க அண்ணே?"

"எரிச்சாச்சு. மேஜர் உத்தரவு."

குபாத் அப்படியே படியில் உட்கார்ந்தான். தொக்தோசுனின் மனைவியிடம் இதைப் போய் யார் சொல்வது என்றுதான் அவனுக்கு முதலில் தோன்றியது.

புருலும் மேஜரும் பின்னாலேயே வந்து சேர்ந்தார்கள். புருல் அடுப்பைப் பார்த்தாள், சட்டங்களை எண்ணினாள், பிறகு பெய்ஷேயைப் பார்த்தாள்.

"எத்தனை எரிச்சீங்க?"

பெய்ஷே மேஜரை ஓரக்கண்ணால் பார்த்தார். தாடியைச் சொறிந்தார். "முப்பத்தாறு."

"மிச்சம் ஒண்ணு?"

"அடிச்சாலும் எரிக்க மாட்டேன். வேலையை விட்டுத் தூக்கினாலும் பரவால்ல."

மூலையில் ஒரு தடுப்புக்குப் பின்னால், அவருடைய கட்டிலுக்கு மேலே, கம்பிக் கொடியில் காய்ந்த காலுறைகளுக்கு நடுவே, நான்கு ஆணியில் அது இருந்தது. ஆடு வாலை இழுத்துக்கொண்டிருந்தது. பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். குபாத் ஓரத்தைத் தூக்கிப் பின்னால் பார்த்தான். மங்கலாக மாவு ஆலை முத்திரை.

"இதை மட்டும் ஏன் எடுத்து வெச்சீங்க?" என்றாள் புருல்.

"மத்ததுல எல்லாம் இந்தப் பொம்பளை எதுக்குச் சிரிக்கறான்னே தெரியல, பைத்தியம் மாதிரி. இதுல நியாயமான காரணம் இருக்கு. எங்க வீட்டுலயும் இப்படி ஒரு ஆடு இருந்துச்சு."

மேஜர் சட்டக் குவியலின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அது அவர் எடைக்கு நொறுங்கியது.

"ஒண்ணு மட்டும் தொலைஞ்சா ரசீது கேள்வி கேக்கும். முப்பத்தேழும் போனா யாரும் கேக்க மாட்டாங்க," என்றாள் புருல். "கணக்கு சரிதான் அசான்கான். ஆனா உனக்கு எதுக்கு இந்தக் கணக்கு? அந்தக் கம்பளம் யாரோடது?"

மேஜர் தனக்கு அடியில் குத்திய மரத்துண்டை உருவிப் போட்டார்.

"என் பொண்டாட்டி தெச்சது. அவ தம்பி எல்தியார் கல்யாணத்துக்குப் பரிசாக் கொடுத்தது. கிழவி கையில அதைப் பாத்ததும் யாரு வேலைன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அவன் மணப்பெண் வண்டி ஓட்டறவன். அன்னிக்கு மியூசியத்துல இருந்திருக்கான்."

"அவனுக்குப் பதிலா தொக்தோசுன் ஜெயிலுக்குப் போகட்டும்னு விட்டுட்டியா?"

"நீ என் பொண்டாட்டியைப் பாத்ததில்ல புருல்."

அந்த மனிதர் பொய் சொல்லவில்லை என்று குபாத்துக்குத் தோன்றியது. அதற்காக இரக்கப்படத்தான் முடியவில்லை.

"மூணு மணிக்குள்ள தொக்தோசுன் வெளிய வரணும், எல்தியார் உள்ள போகணும்," என்றாள் புருல். "ஸ்டேஷனுக்கு ஒரே வாசல்தான். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கட்டும். அந்த உத்தரவைப் பத்தி நீயே மேலிடத்துக்கு எழுது. நீ எழுதலேன்னா நான் எழுதுவேன். என் எழுத்து உனக்குத் தெரியும்."

"வீட்டுல என்ன சொல்வேன்?"

"எங்க ஆபீசுக்குக் கீழ ஒரு பல் டாக்டர் இருக்கார்," என்றான் குபாத். "நாளைக்கு உங்களுக்குத் தேவைப்படும். நான் சொன்னேன்னு சொல்லுங்க."

மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது தொக்தோசுன் வெளியே வந்தார். இடுப்புப் பட்டை இல்லாத கால்சட்டையை ஒரு கையால் பிடித்திருந்தார். மனைவி வாசலில் நின்றிருந்தாள். அவள் தோளை ஒரு முறை தொட்டுவிட்டு, "மொதல்ல படத்தைப் பாத்துட்டு வந்துடறேன்," என்றார். அவள் தலையசைத்தாள். அவளும் கூட வந்தாள்.

மியூசியத்தில் படத்தைச் சட்டமில்லாமல் மேஜை மேல் சாய்த்து வைத்திருந்தார்கள். தொக்தோசுன் எதிரே போய் நின்றார். அழப்போகிறார் என்று நினைத்துக் குபாத் கைக்குட்டையைத் தேடினான். அவர் அழவில்லை. இடது ஓரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது எங்கேர்ந்து வந்துச்சு?"

"எப்பவும் இங்கதான் இருந்துச்சு. சட்டம் மறைச்சிட்டிருந்துச்சு," என்றாள் புருல்.

அவர் ஜன்னலோரம் கிடந்த தன் பழைய நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். படத்துக்கு இடப்பக்கம் போட்டிருந்த நாற்காலி.

"இருபத்திரண்டு வருஷமா அதுல உக்காந்திருந்தேன். என்னைப் பாத்துத்தான் சிரிக்கறான்னு நெனைச்சிட்டிருந்தேன்."

மனைவி சட்டென்று அவரைப் பார்த்தாள். குபாத்தின் நாக்கு நுனியில் மூன்று ஜோக் வந்து வரிசையில் நின்றன. ஒன்றையும் அவன் சொல்லவில்லை.

"புதுச் சட்டம் போடப்போறாங்க அண்ணே," என்றாள் புருல் கொஞ்சம் தயங்கி. "வேணும்னா ஆட்டைப் பழையபடி மறைச்சுடச் சொல்லட்டுமா?"

தொக்தோசுன் யோசித்தார். கால்சட்டையை இன்னொரு முறை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"வேணாம்மா. அதுவும் பாவம், இத்தனை வருஷம் இருட்டுல கெடந்துச்சு. எங்க ரெண்டு பேருக்குமா சேத்து அவ சிரிச்சுக்கட்டும். நாற்காலியை மட்டும் கொஞ்சம் கிட்டப் போட்டுக்கறேன்."